வரப்பின் கோடும் நீரின் கோடும்

சங்கப் புலவருள் குடபுலவியனார் என்பவர், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய பாடல் ஒன்று புறநானூற்றில் 18ஆம் பாடலாக அமைந்துள்ளது. போரில் வெற்றி கண்ட மன்னனுக்கு அப்புலவர் கூறும் அறிவுரை குளம் தொட்டு நீரைத் தேக்குக என்பதாகும். விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் புன்புலம் எத்துணைப் பரந்ததாயினும் வேந்தனின் முயற்சிக்குத் துணை செய்யாது என்பது அவர் காட்டும் காரணம். மேடு எது, பள்ளம் எது என்று நிலத்தின் போக்கை அறிந்து நீரை நிறுத்த வேண்டும் என்னும் கருத்தை ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு தமிழ்ப் புலவரிடம் காண்பது நமக்கு வியப்பும் பெருமையும் தருவதாகும்.

குளத்து நீர் பாயும் நிலம் நன்செய் ஆயிற்று; பாயாத மேட்டு நிலம் புன்செய் ஆயிற்று. வானம் பார்த்த பூமி என்றும் மானாவாரி என்றும் மக்கள் வழங்குவது இப்புன்செய் நிலத்தையே. இன்றும் இந்தியாவில் பயிரிடப்படும் நிலத்தில் ஏறத்தாழப் பாதி மழையை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்நிலத்தில் பெய்யும் மழையையும், அம்மழையோடு கரைந்தோடும் மண்ணையும் காப்பது எவ்வாறு? நம் முன்னோர் என்ன செய்தனர்? இக்கால அறிவியல் என்ன செய்தது? இவ்விரண்டும் எவ்விடத்தில் முரண்பட்டன? இவற்றை முறையே ஆராய்வோம்.

இஃது உழவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நாம் கேள்வியுற்றிருக்கிறோம். அப்பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கியது மழையை நம்பிய மாவட்டங்களையே. அக்காலத்திலும் அதற்குப் பின்னரும் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தமிழர் பலர் அத்தகைய வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டவரே. மண்ணும் நீரும் நில்லாத ஊரில் மக்களும் நில்லார் என்பதற்கு அவர் வரலாறே சான்றாகும்.

மழைத்துளி செய்யும் வேலை

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஈராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழையின்றிக் கழியும் திங்கள் அங்கு அரிது. தமிழ்நாட்டின் தென்பகுதியில் கரிசல் மண்ணுக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டி வட்டாரத்தின் ஆண்டு மழையோ 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்து முடிகிறது. அம்மூன்று திங்களிலும் மழை நாள்தோறும் பெய்வதில்லை. சில நாட்கள் கொட்டித் தீர்க்கும். பல நாட்கள் பொய்த்துவிடும்.

ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் நிலத்தில் அன்று விழுந்த நீர் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் ஆகும். அது முழுவதும் மண்ணுக்குள் இறங்குமாயின் பயிர் பல நாட்கள் மழையின்றியும் தாங்கும். ஆனால் அது முழுவதும் இறங்குவதில்லை. காரணம் யாதெனில், பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வரையிலான வேகத்தில் தரையைத் தாக்குகிறது. தரை வெறுமையாயிருப்பின் அவ்வடியில் மண் கட்டிகள் சிதறுகின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மேல் மண் மெழுகியது போல் இறுகிவிடுகிறது. பின் வரும் நீருக்கு உள்ளே செல்ல வழியில்லாமையால் அது சரிவு நோக்கி ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது சிதறிய துகள்களையும் உடன்கொண்டு செல்கிறது.

முதலில் நிலம் முழுவதும் மெல்லிய ஏடு போல் மண் சீவப்படும். இது கண்ணுக்குப் புலனாகாது. அடுத்து விரல் தடிப்பில் சிறு கால்கள் தோன்றும். அவை கூடிப் பெருகினால் ஓடைகளாகும். ஓடை தோன்றிய பின்னரே பலரும் அரிப்பை உணர்வர். அதற்குள் நிலத்தின் சத்து மிகுந்த மேலேடு போய்விட்டிருக்கும். மக்கிய தழையும் நுண்ணுயிரும் நிறைந்த அம்மேல்மண் ஒரு விரற்கடை அளவு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும்.

இந்திய மண் அறிஞர்கள் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு ஒன்றின்படி, இந்நாட்டில் ஆண்டுதோறும் 533 கோடி டன் மண் இடம்பெயர்கிறது. சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு 16.4 டன் ஆகும். இதில் 29 விழுக்காடு கடலில் சேர்ந்து அறவே தொலைகிறது. 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. எஞ்சிய 61 விழுக்காடு ஓரிடத்திலிருந்து பெயர்ந்து மற்றோரிடத்தில் தங்குகிறது. இந்த 61 விழுக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். என் நிலத்து மண் உன் நிலத்திற்கு வருகிறது என்பதே அதன் பொருள். பின்னர்க் கூறப்போகும் சிக்கல்களுக்கு அதுவே வித்து.

முன்னோர் கண்ட முறைகள்

புன்செய் உழவன் முதற்கண் நம்பியது கோடை உழவை. அறுவடைக்குப் பின் இறுகிக் கிடக்கும் நிலத்தைக் கோடை மழையின் ஈரத்தில் உழுதுவிட்டால், அடுத்து வரும் மழைநீர் ஓடாமல் உள்ளே இறங்கும். களையும் புழுவும் வெயிலில் காய்ந்தொழியும். கரிசல் நிலத்தில் பயிர் நிற்கும்போதே வரிசைகளுக்கிடையில் மண்ணை மேலாகக் கொத்திவிடுவர். அவ்வாறு செய்வதால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலின் விரிசல்கள் மூடப்படும். அவற்றின் வழியே ஈரம் ஆவியாகிப் போவதும் குறையும்.

உழுத புழுதியைக் காயவிடுவதன் சிறப்பைத் திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில் எடுத்துரைத்திருப்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். நன்கு காய்ந்த புழுதிக்கு எருவும் தேவையில்லை என்னும் அக்கருத்தை மிகைபடக் கூறல் என்று கருதியவரும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண் ஆய்வு செய்த பர்ச் என்னும் அறிஞர் 1958ஆம் ஆண்டில் ஓர் உண்மையை விளக்கினார். நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது, அதிலுள்ள மக்கு விரைந்து சிதைந்து, தழைச்சத்து மிகுதியாக வெளிப்படுகிறது என்பதே அது. உழவர் பட்டறிவால் கண்டதை அறிவியல் இங்கே உறுதி செய்தது. ஆயினும் அச்சத்து மண்ணின் சேமிப்பிலிருந்தே வருவதாகலின், சேமிப்பை மீண்டும் நிரப்பாவிடில் நாளடைவில் நிலம் வறுமையுறும். வள்ளுவர் அடுத்த குறளிலேயே எருவிடுதலின் மேன்மையைக் கூறியிருப்பது கருதத்தக்கது.

இரண்டாவது முறை கலப்புப் பயிர். கம்பு அல்லது சோளத்தினிடையே துவரை, உளுந்து, தட்டைப்பயறு முதலியவற்றைச் சேர்த்து விதைப்பது வழக்கம். மழை தவறி ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று வீட்டிற்கு வரும் என்பது உழவன் கணக்கு. தரையைத் தழுவிப் படரும் பயறுகளின் இலை மழைத்துளியின் அடியைத் தாங்கி, மண்ணைச் சிதறவிடாமல் காப்பது அதனுடன் கிடைக்கும் பயன்.

மூன்றாவது முறை வண்டல் ஏற்றுதல். மேட்டு நிலத்திலிருந்து கரைந்து வந்த மண் ஊர்க் கண்மாயில் படியும். கோடையில் கண்மாய் வற்றியதும் அவ்வண்டலை வெட்டி, மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்று மேட்டு நிலங்களில் கொட்டிப் பரப்புவர். தென்மாவட்டங்களில் இதனைக் கரம்பை அடித்தல் என்பர். நீரைப் பிடித்து வைக்க இயலாத செம்மண் நிலத்திற்கு இக்களிமண் மருந்து போன்றது. மழை கீழே கொண்டுவந்ததை மனிதன் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தான். கண்மாய்க்கும் ஆழம் கிடைத்தது. நிலத்திற்கும் வளம் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. ஊரார் ஒன்றுகூடி அவற்றைப் பேணிவந்த குடிமராமத்து என்னும் ஏற்பாடு தளர்ந்த பின்னர், பல கண்மாய்கள் தூர்ந்து மேடாயின.

நான்காவது முறை வரப்பு. ஔவையார் ஒரு மன்னனை வாழ்த்தும்போது வரப்பையே முதலில் வைத்து வாழ்த்தினார் என்னும் வரலாறு நம் மாணவர் அனைவரும் அறிந்தது. வரப்பு நீரை நிறுத்துகிறது, மண்ணைத் தடுக்கிறது. புன்செய் நிலத்திலோ அதற்கு மற்றொரு பணியும் உண்டு. இது என் நிலம், அது உன் நிலம் என்று எல்லை காட்டுவதும் வரப்பே. ஆகவே புன்செய் வரப்புகள் பெரும்பாலும் சொத்தின் எல்லையை ஒட்டியே அமைந்தன. நிலத்தின் சரிவு எத்திசையில் என்பதை அவை எப்போதும் பொருட்படுத்தவில்லை.

சமமட்ட வரப்பு

இங்கேதான் இக்கால அறிவியல் குறுக்கிட்டது. 1930களில் அமெரிக்க நாட்டின் சமவெளிகளில் புழுதிப் புயல்கள் எழுந்து, ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்களை ஊரைவிட்டு ஓடச்செய்தன. அதன் விளைவாக 1935ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு மண் பாதுகாப்புக்கெனத் தனித் துறை ஒன்றை நிறுவியது. அதே காலத்தில் இந்தியாவிலும் சோலாப்பூர், பிஜாப்பூர், ஹகாரி, ராய்ச்சூர், ரோத்தக் ஆகிய ஐந்து இடங்களில் புன்செய் வேளாண்மை ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. ஆழ உழுதல், அடிக்கடி மேலாகக் கொத்துதல், விதையைக் குறைத்து இடைவெளியை மிகுத்தல், வரப்பிடுதல் ஆகியவற்றை அவ்வாராய்ச்சியாளர் வற்புறுத்தினர்.

அவர்கள் வற்புறுத்திய வரப்பு எல்லை வரப்பன்று, சமமட்ட வரப்பு. அஃது யாது என்பதை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். ஒரு தாம்பாளத்தில் மணலைச் சிறு குன்று போல் குவித்து, மெல்ல நீர் ஊற்றுக. நீரின் விளிம்பு மணலைச் சுற்றி ஒரு கோடு வரையும். அக்கோட்டின் எல்லா இடங்களும் ஒரே உயரத்தில் உள்ளவை. இன்னும் சிறிது நீர் ஊற்றினால் சற்று மேலே இன்னொரு கோடு தோன்றும். இவையே சமமட்டக் கோடுகள். இக்கோட்டின் மேல் வரப்பு அமைந்தால் ஓடிவரும் நீர் வரப்பின் நெடுகிலும் சமமாகப் பரவி நின்று உள்ளிறங்கும். கோட்டிற்கு மாறாக அமைந்த வரப்பிலோ நீர் தாழ்ந்த மூலைக்கு ஓடிச் சேர்ந்து, அங்கே உடைத்துக்கொண்டு போகும்.

கொள்கையளவில் இதில் குறை காண முடியாது. பம்பாய் மாகாணம் 1942ஆம் ஆண்டில் நிலச் சீர்திருத்தத் திட்டச் சட்டம் ஒன்றை இயற்றி, தக்காணத்து மேட்டு நிலங்களில் பேரளவில் சமமட்ட வரப்புகளைப் போடச்செய்தது. விடுதலைக்குப் பின் பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. 1954ஆம் ஆண்டில் பெல்லாரியில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஏற்பட்டது.

ஆனால் பல ஊர்களில் அரசு போட்ட வரப்புகள் நீடிக்கவில்லை. உழவர்கள் சிறிது சிறிதாக அவற்றை உழுது கரைத்துவிட்டனர். எல்லையில் தாம் போட்ட வரப்பை மட்டும் பேணினர். உழவரின் அறியாமையே இதற்குக் காரணம் என்று அதிகாரிகள் பலர் கருதினர். அவ்வாறு கருதியது பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

உழவர் பக்கத்து நியாயம்

முதலாவதாக, சமமட்டக் கோடு வளைந்து வளைந்து செல்வது. அஃது ஒருவனுடைய சிறு நிலத்தைக் கோணல் துண்டுகளாகப் பிரித்துவிடும். ஏர் பூட்டி நேராக உழுதற்கும், மாடுகளைத் திருப்புதற்கும் இடர்ப்பாடு. வரப்பு பிடித்துக்கொண்ட இடத்தில் பயிரும் இல்லை.

இரண்டாவதாக, சமமட்ட வரப்பு பல பேருடைய நிலத்தைக் கடந்து செல்வது. மிகுதியான நீர் அவ்வரப்பின் கோடியில் எவனோ ஒருவனுடைய நிலத்தில்தான் வடிய வேண்டும். ஊர் முழுவதும் பயன்பெற அவன் ஒருவன் நிலம் அரிக்கப்படும். அவன் வரப்பை வெட்டிவிட்டால் அவனைக் குறை கூறுவது எங்ஙனம்? எல்லை வரப்பிலோ இத்தகைய வழக்கில்லை. தன் நிலத்தில் தங்கிய நீரும் மண்ணும் தனக்கே. வரப்பைப் பேணும் பொறுப்பும் தனக்கே.

மூன்றாவதாக, ஆழ்ந்த கரிசல் மண்ணின் இயல்பு. கோடையில் கரிசலில் போட்ட வரப்பே விரிசல் விடும்; முதல் மழையில் அவ்விரிசல் வழியே நீர் புகுந்து வரப்பை உடைக்கும். நன்கு நனைந்த பின்னரோ கரிசல் நீரை மிக மெதுவாகவே உள்வாங்கும். வரப்பின் மேற்புறத்தில் நீர் பல நாட்கள் தேங்கி நிற்க, பயிர் அழுகிப்போகும். நீர் வேண்டி ஏங்கும் நிலத்தில் நீரினாலேயே பயிர் மடிவதை உழவன் கண்டான். அறிவியலாரும் பின்னர் இதனை ஒப்புக்கொண்டனர். ஆழ்ந்த கரிசலுக்குச் சமமட்ட வரப்பு ஏற்றதன்று; நீர் மெல்ல நடந்து வடியுமாறு சிறு சாய்வோடு அமைந்த வரப்பும், அது சென்று சேரப் புல் வளர்ந்த வாய்க்காலும் வேண்டும் என்பது இன்று நிலைபெற்ற முடிபு.

ஆகவே உழவன் மறுத்ததற்கு அறியாமை காரணமன்று. நீர் போகும் கோட்டை அதிகாரி அறிந்திருந்தார். நிலத்தின் உரிமைக் கோட்டை உழவன் அறிந்திருந்தான். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. நீருக்குப் பட்டாவும் பத்திரமும் தெரியாது. உழவனுக்கோ அவை இன்றி வாழ்வில்லை. புன்செய் நிலத்தில் மண் காத்தல் என்னும் முயற்சியின் உண்மையான முடிச்சு இதுவே ஆகும்.

தோட்டத்துச் சரிவும் ஊர்ப் புன்செயும்

மலேசியத் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்க்குச் சமமட்டக் கோடு புதியதன்று. குன்றுச் சரிவுகளில் பால்மரக் கன்று நடுமுன் வளைந்து வளைந்து படி வெட்டியதும், மழை அடித்துவரும் மண்ணைப் பிடிக்கக் குழிகள் தோண்டியதும், வரிசைகளுக்கிடையில் பயறு இனத்து மூடுகொடிகளைப் படரவிட்டதும் தமிழ்த் தொழிலாளர் கைகளால் நிகழ்ந்த வேலைகளே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் புல் பூண்டு ஒன்றுமின்றித் தரையைச் சுத்தமாகச் செதுக்கி வைத்திருப்பதே வழக்கமாயிருந்தது. அவ்வெறுந்தரையில் மழை விழுந்து பெரும் அரிப்பு நேர்ந்த பின்னரே படிகளும் மூடுகொடிகளும் வழக்கத்திற்கு வந்தன.

அங்கே சமமட்டக் கோட்டை வரைவதற்கு எதிர்ப்பு எழவில்லை. ஏன்? குன்று முழுவதும் ஓர் உடைமையாளருக்கே உரியது. வேலை செய்தவனுக்கு அந்நிலத்தில் பங்கில்லை, அவனைக் கேட்பாருமில்லை. ஊர்ப் புன்செயிலோ ஒரே சரிவில் ஐம்பது பேர் நிலம் இருக்கும். ஐம்பது பேரும் இணங்கினாலன்றிக் கோடு நிலைக்காது. அவ்விணக்கம் உண்டாகக்கூடும் என்பதற்கு இரு நாடுகளிலிருந்து இரண்டு சான்றுகளைக் காட்டலாம். ஒன்று கோட்டை வரைபவர் யார் என்பதைப் பற்றியது. மற்றொன்று பயனைப் பெறுபவர் யார் என்பதைப் பற்றியது.

கோட்டை வரைபவர் யார்?

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று புர்க்கினா பாசோ எனப்படும் நாட்டின் வடபகுதியில் யாத்தெங்கா என்னும் வறண்ட பீடபூமி உள்ளது. அங்கே 1962 முதல் 1965 வரை பெரும் பொறிகளைக் கொண்டு, ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேர் பரப்பில் மண் வரப்புகள் போடப்பட்டன. உழவரை யாரும் கலந்து பேசவில்லை. அவர் நிலத்தில் அவரறியாமலே வேலை நடந்தது. வரப்புகளைப் பேண எவரும் முன்வராமையால் அவற்றுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் அழிந்தொழிந்தன. தக்காணத்தில் கண்ட அதே கதை!

பின்னர் 1979ஆம் ஆண்டு தொடங்கி அதே பகுதியில் வேறொரு முயற்சி நடைபெற்றது. மண் வரப்புக்கு மாற்றாக, அவ்வூரார் முன்பே அறிந்திருந்த கல் வரிசையை எடுத்துக்கொண்டனர். கற்களை வரிசையாக அடுக்கினால் நீர் முழுவதும் தடைப்படாது. வேகம் குறைந்து கற்களின் இடுக்கு வழியே கசிந்து செல்லும். வண்டல் மட்டும் பின்னால் தங்கும். உடைந்து போகும் என்னும் அச்சமில்லை. கீழ் நிலத்தானுக்கும் நீர் கிடைக்கும். ஆனால் கற்களைச் சமமட்டக் கோட்டில் வைப்பது எப்படி? அதற்கு ஒரு நீண்ட, ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாய் போதுமானதாயிற்று. குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு கழிகளில் கட்டிப் பிடித்தால், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இதைக் கொண்டு எழுத்தறியா உழவரும் ஓரிரு நாட்பயிற்சியில் சமமட்டக் கோட்டைத் தாமே கண்டறிந்தனர். கட்டடம் கட்டும் கொத்தனார் மட்டம் பார்க்கக் கையாளும் குழாயும் இதுவே.

அதே பகுதியில் யாக்கூபா சவாடோகோ என்னும் உழவர் 'சாய்' எனப்படும் பழைய குழி முறையைத் திருத்தி அமைத்தார். இறுகிய தரையில் கோடையிலேயே ஒரு சாண் அகலத்திற்குச் சிறு குழிகள் தோண்டி, எருவிட்டு, மழை வந்ததும் அவற்றில் விதைப்பது அம்முறை. எருவைத் தேடி வரும் கறையான் மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழி செய்கிறது. எதற்கும் உதவாதென்று கைவிடப்பட்ட நிலத்தில் சோளமும் கம்பும் விளைந்தன, மரங்களும் முளைத்தன. 2018ஆம் ஆண்டில் 'சரியான வாழ்வாதார விருது' பெற்ற அப்பெரியார் 2023ஆம் ஆண்டில் மறைந்தார்.

இங்கே பழமை எது, புதுமை எது என்று பிரித்துக் காண்பது அரிது. கல் வரிசை பழையது. மட்டக் குழாய் புதியது. கருவி உழவன் கைக்கு வந்தவுடன், நீரின் கோடும் அவனுடைய கோடாயிற்று.

பயனைப் பெறுபவர் யார்?

இரண்டாம் சான்று வட இந்தியாவிலுள்ளது. சண்டிகார் நகருக்காக 1958ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சுக்னா ஏரி விரைவில் தூர்ந்து வந்தது. அவ்வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிச் சென்ற மண் பாதுகாப்பு அறிஞர் பி. ஆர். மிஸ்ரா, சிவாலிக் அடிவாரத்திலுள்ள சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரின் மொட்டைக் குன்றுகளைக் கண்டார். ஆடுமாடுகள் மேய்ந்து குன்றில் புல்லும் மிஞ்சவில்லை. 1970களின் பிற்பகுதியில் அங்கே சிறு மண் அணை கட்டி மழைநீர் தேக்கப்பட்டது.

அணை நீர் முதலில் நிலமுடையார் சிலருக்கே பயன்பட்டது. நிலமில்லாதவர் கேட்ட கேள்வி எளியது: குன்றில் மேய்ப்பதை விட்டுவிட்டு நாங்கள் இழப்பை ஏற்பது எதற்காக? அதன்பின் ஊரார் ஒரு முடிவுக்கு வந்தனர். நிலம் உண்டோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பத்திற்கும் அணை நீரில் சமபங்கு. நிலமில்லாதவர் தம் பங்கைப் பிறர்க்குக் கொடுத்துப் பயன் பெறலாம். அவ்வளவில் காவலாள் எவரும் இன்றியே குன்று மேய்ச்சலிலிருந்து காக்கப்பட்டது, புல் தழைத்தது, மண் வருவது குறைந்தது. பின்னாளில் அவ்வேற்பாட்டிலும் தளர்ச்சிகள் நேர்ந்ததுண்டு. ஆயினும் பயனில் பங்கில்லாதவரைக் காவலுக்கு அழைப்பது வீண் என்னும் உண்மையை அச்சிற்றூர் நன்கு காட்டிவிட்டது.

இவ்வுண்மை ஊர்தோறும் பொருந்துவது. மேட்டில் ஒருவன் போட்ட வரப்பினால் உள்ளிறங்கிய நீர் பள்ளத்தில் மற்றொருவனுடைய கிணற்றில் ஊறும். உழைப்பு ஒருவனுடையது, ஊற்று ஒருவனுடையது. அதிலும் ஆழ்துளைக் கிணறு உடையவன் பலர் சேர்த்த நீரைத் தனியாக இறைத்துவிட முடியும். இதற்கு ஓர் ஒழுங்கு காணாமல் வரப்பை மட்டும் உயர்த்திப் பயன் குறைவு. 1995ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், நீர் ஒரே வழியாக வடியும் நிலப்பகுதி முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளவும், பொறுப்பை ஊர்மக்களிடமே ஒப்படைக்கவும் வழிசெய்தன. அவை எங்கும் ஒரே அளவில் வெற்றி பெற்றன எனல் இயலாது. எனினும் சிந்தனை திரும்பிய திசை நன்று.

இன்று செய்யத்தக்கன

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையம், 1970இல் ஏற்பட்ட அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்திலும் ஓர் இடம் பெற்றுள்ளது. அத்தகைய நிலையங்கள் கூறும் முறைகளில் பல, எல்லைக் கோட்டையும் நீரின் கோட்டையும் ஓரளவு இணக்கப்படுத்துவன. எல்லை வரப்பை இருந்த இடத்திலேயே விட்டு, அதன் தாழ்ந்த மூலையில் கல் பாவி நீர் வழியும் வாய் அமைக்கலாம். வரப்பு உடையாது, கீழ் நிலமும் அரியாது. வரப்புகளுக்கிடையே உழவையும் விதைப்பையும் சரிவுக்குக் குறுக்காகச் செய்தால், ஒவ்வோர் உழவுசாலும் சிறு அணையாகும். கரிசலில் நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்தும், அகலமான மேட்டுப் பாத்தியும் சாலுமாக அமைத்தும் ஈரத்தைக் காக்கலாம். மிகுந்த நீர் சால் வழியே வடிந்து பண்ணைக்குட்டையில் சேரும். மழை தவறும்போது அக்குட்டை நீர் ஒருமுறை பாய்ச்சலுக்கு உதவினும் பயிர் பிழைக்கும். பருவமழைக்குச் சற்று முன்னரே காய்ந்த புழுதியில் விதைத்து வைப்பதும் அந்நிலையம் பரிந்துரைப்பதே. முதல் மழையின் துளியும் வீணாகாது.

வரப்பின்மேல் நடத்தக்க புல் ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். மைசூருக்கு அண்மையிலுள்ள குண்டலுப்பேட்டை வட்டாரத்து உழவர்கள் நெடுங்காலமாகத் தம் நில எல்லையில் வெட்டிவேரை வேலியாக நட்டு வந்தனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் வெட்டிவேர் வேலியின் பயனை உணர்ந்து, பல நாடுகளிலும் பரப்பினர். அதன் வேர் பக்கவாட்டில் படராது செங்குத்தாக ஆழச் செல்வதால் அருகிலுள்ள பயிருக்குத் தீங்கில்லை; நெருங்கி வளர்ந்த தாள்கள் நீரை வடிகட்டி மண்ணை நிறுத்தும். உலக மொழிகளில் அப்புல்லுக்கு வழங்கும் பெயரே 'வெட்டிவேர்' என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதுதான் என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து காட்டவும் கூடும். இரண்டு தட்டுகளில் மண்ணை நிரப்பி, ஒன்றில் புல் பத்தையைப் பதித்து, மற்றொன்றை வெறுமையாக விட்டு, இரண்டையும் ஒரே அளவில் சாய்த்து வைத்து, பூவாளியால் நீர் தெளிக்கட்டும். ஒன்றிலிருந்து வடியும் நீர் தெளிந்திருக்கும். மற்றொன்றிலிருந்து வடிவது சேறாயிருக்கும். நூறு பக்கங்கள் விளக்காததை அந்த இரு குவளைகள் விளக்கிவிடும்.

வேளாண்மை என்னும் சொல்லுக்கு இன்று உழவுத் தொழில் என்றே பொருள் கொள்கிறோம். திருக்குறளில் அச்சொல் பிறர்க்கு உதவுதல் என்னும் பொருளில் வழங்குகிறது. மேட்டு நிலத்தான் தன் மண்ணைக் காத்தால் பள்ளத்தான் குளம் தூராது. பள்ளத்தான் தன் கிணற்று நீரில் அளவோடு நின்றால் மேட்டு நிலத்தான் உழைப்பு வீணாகாது. புன்செய் நிலத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே நிற்கின்றன. மண்ணையும் நீரையும் காக்கும் கருவிகள் பல இன்று நம்மிடம் உள்ளன. அவற்றை ஒரே சரிவில் வாழும் ஐம்பது பேர் கூடி அமர்ந்து பேசிப் பயன்படுத்துவதே இனி வேண்டுவது.